நட்சத்திரம் போட்ட சாம்பார்

யாரும் கேட்டிராத மொழியில் இருமத் தெரிந்தவர் புதுக்கோட்டையிலேயே ஒரே ஒருவர்தான். எங்கள் ஸ்டார் சார்.

ஆவூர்ப் பக்கத்துக்காரர். பாதிரியாராகப் போகிறேன் என்று போய், லத்தீனை மட்டும் கூட்டிக்கொண்டு திரும்பியவர். லத்தீனுக்கும் ஒரு தாய்மொழி இருந்ததாம். அதை யாரும் எழுதிவைக்கவில்லையாம். பிள்ளைமொழிகளை ஒப்பிட்டு, அந்தத் தாயின் வினைச்சொற்களை இவர் மீட்டுக்கொண்டிருந்தார். அதில் தொலைந்துபோன தொண்டைச் சத்தங்கள் வேறு உண்டு. விடிந்ததும் பழகுவார். அறைத்தோழனான நான் ஆஸ்துமா என்று பயந்து நெஞ்சில் தைலம் தேய்த்துவிட்டேன். மனிதர் சுகமாகக் காட்டிக்கொண்டிருந்தார்.

'இருக்கிறான்' என்பதற்கு லத்தீனில் 'எஸ்ட்', கிரேக்கத்தில் 'எஸ்தி', சமஸ்கிருதத்தில் 'அஸ்தி'. "மூணையும் பக்கத்துல ஒக்கார வைங்க, ஆத்தா மொகம் தெரிஞ்சிரும்" என்பார். அப்படி ஊகித்த சொல்லுக்கு முன்னால் ஒரு நட்சத்திரம் போடுவது மொழி ஆராய்ச்சிக்காரர்கள் வழக்கம். நாங்கள் சாப்பிட்ட மெஸ்ஸின் கரும்பலகையில் 'சாம்பார்' முன்னாலும் ஒன்று போட்டுவிட்டார்.

"என்ன சார், ஸ்பெஷலா?" என்றார் மெஸ் நடத்திய மரியக்கா.

"இல்லக்கா. பருப்பக் கண்ணால பாக்கல. இருந்திருக்கும்னு ஒரு ஊகம்."

அன்று அவரோடு சேர்த்து எனக்கும் ரசம் நின்றது.

அதே மரியக்கா ஒருநாள் அடுப்புப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தார். சவுதியிலிருந்த கணவரின் போன் நின்றுபோயிருந்தது. அங்கிருந்து வந்தவர்களில் ஒருவர், லாரி மோதி ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார் என்றார். இன்னொருவர், நர்ஸம்மாவோடு குடித்தனம் என்றார். மூன்றாமவர், வேலைக்குப் போகாமல் மெத்தையில் படுத்தே சாப்பிடுகிறார் என்றார்.

நான் ஆறுதல் சொன்னேன்: "நர்ஸம்மான்னா உசுரோடதானேக்கா இருக்காரு?"

கரண்டி என் காதோரம் பறந்தது.

ஸ்டார் சார் கண்ணை மூடினார். "மூணும் ஒரே சேதிக்குப் பொறந்த பிள்ளைங்க. லாரி, நர்ஸ், மெத்தை. ஆஸ்பத்திரில இருக்காருக்கா. அங்கிட்டு ஆஸ்பத்திரியாப் பாத்து விசாரிக்கச் சொல்லுங்க."

பலகையைத் துடைத்து எழுதினார்: *இருக்கார்.

"ஸ்டார் எதுக்கு சார்?" அக்கா எழுந்து பலகையருகே வந்தார்.

"நான் பாக்கலியேக்கா."

அந்த நேரத்திலும் ஒரு பொய் வரவில்லை அவருக்கு.

சில நாளில் போன் வந்தது. காலும் உடைந்து போனும் உடைந்து, மனிதர் கட்டிலில் கிடந்திருக்கிறார். அக்கா கத்திய கத்தலில் தெருவே கூடிவிட்டது. ஸ்டார் சார் சட்டை முனையால் அந்த நட்சத்திரத்தை மட்டும் அழித்தார்.

"சாம்பாருக்கும் இனிமே கெடையாதுல்ல?" என்றார் அக்கா, கண்ணைத் துடைத்தபடி.

"அது பருப்பப் பாத்துட்டுதான்க்கா."

பிறகு எங்கோ ஆராய்ச்சிக்கென்று போய்விட்டார். ரோமில் பார்த்தேன் என்கிறார் ஒருவர்; காசியில் என்கிறார் இன்னொருவர். இரண்டு கதையிலும் ஒரு மனிதர் விடியற்காலையில் இருமிக்கொண்டிருக்கிறார். அது போதும் எனக்கு. *நன்றாக இருக்கிறார்.

அழிக்க என் சட்டை முனை காத்திருக்கிறது.