பேட்டரிக்குக் குளிருமா?

சூரியனே எங்கள் டுவேன் மாமாவின் கேரவன் பேட்டரியில்தான் ஓடுகிறது. அது செத்தால் மின்னசோட்டாவுக்கு வசந்தம் கிடையாது. இதை நான் சொல்லவில்லை, அவர் முகம் சொல்லும். இவர்தான் பேட்டரிக் காவலர். எங்கள் ஊரில் தெருவுக்கு ஒருவர் உண்டு.

அடையாளம் காண்பது சுலபம். முதல் பனி விழுமுன்னே கேரவனுக்குள் தலையை நுழைத்து, மைனஸ் வயரை முதலில் கழற்றி, "வரிசை மாறினா தீப்பொறிடா" என்று காற்றை எச்சரித்து, பேட்டரியைப் பிறந்த குழந்தைபோல் மார்போடு அணைத்து நிலவறைக்கு இறங்கி, சமையல் சோடா கரைத்த நீரால் முனைகளைத் துலக்கி, சிமெண்டுத் தரை சார்ஜை உறிஞ்சிவிடும் என்று அவர் அப்பா சொன்னதை நம்பி, ஒரு பலகைமேல் உட்கார்த்தி வைப்பார். கேரவன்? அது வெளியே பனியில் கிடக்கும். கேட்பார் யார்?

அப்புறம் தினமும் மீட்டர் வைத்து வோல்ட் பார்ப்பது. காப்பிக்கு முன் ஒரு தடவை. சர்ச் போய்வந்து, கோட்டைக் கழற்றாமலே ஒரு தடவை.

"பொறந்தநாளுக்குக் கம்பளிச் செருப்பு கேட்டேன். பேட்டரிக்குச் சார்ஜர் வாங்கிட்டு வந்திருக்கீங்க" என்பார் மார்லிஸ் அத்தை. "எனக்குக் கால் வெறைச்சுக் கெடக்கு."

"சார்ஜ் எறங்கினா அது ஒறைஞ்சு வெடிச்சிரும், மார்லிஸ். நீ வெடிப்பியா?"

"சாயங்காலத்துக்குள்ள தெரிஞ்சிரும்."

இது செத்தால் இன்னொன்று இந்த வீட்டுக்குள் வராது என்று அத்தை சொல்லிவிட்டார். பேட்டரி இல்லையேல் விளக்கில்லை, ஹீட்டரில்லை, மே மாதம் மீன்பிடிப் பருவம் தொடங்கும்போது ஏரிக்குப் பயணமும் இல்லை. அந்தப் பயணத்தில் மேல் படுக்கை எனக்கு என்று மாமா வாக்குக் கொடுத்திருக்கிறார். அதற்காக நான் ஒன்றும் அவரைப்போல் ஆகிவிடவில்லை.

நேற்று அவர் உறைந்த ஏரியில் தூண்டில் போடப் போன நேரம் பார்த்து, பலகையை உருவிவிட்டு பேட்டரியை வெறும் தரையில் வைத்தேன். இந்தக் காலத்துப் பெட்டி முழுக்க பிளாஸ்டிக், தரை எதை உறிஞ்சும்? ஒருநாள் அப்படியே கிடக்கட்டும், மாமாவின் வேதம் பொய்யாகட்டும் என்று நடையைக் கட்டினேன்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். கைப்பேசியில் எத்தனை சதவீதம் மிச்சம் என்று இப்போதுதான் ஓரக்கண்ணால் பார்த்தீர்களே, அதையும் சேர்த்துச் சிரியுங்கள்.

வாசல்வரைதான் போனேன். வெளியே மூக்கு உறையும் குளிர். மாமாவின் அப்பா சொன்னது ஒருவேளை நிஜமாக இருந்தால்? சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று திரும்பி இறங்கினேன். பலகையை மறுபடி அடியில் சொருகி, முழங்கால் போட்டு மீட்டரை வைத்தபோது பின்னால் பூட்ஸ் சத்தம். ஏரிக்குப் போனவர் அதற்குள் திரும்பிவிட்டார்.

"எத்தனை காட்டுது?"

"பன்னெண்டு புள்ளி ஆறு, மாமா."

"தேறிட்டான்." பேட்டரியைச் சொன்னாரா, என்னையா, தெரியவில்லை. குனிந்து பார்த்தார். "அது என்னடா மேல?"

என் கையுறைகள். எப்போது கழற்றிப் போர்த்தினேன்?

"ஏன்டா, பேட்டரிக்குக் குளிருமா?" என்றார் மாமா.