வரதன் மாமாவைக் கவனித்த கதை

தமிழில் ஆபத்தான சொல் எது என்று கேட்டால் 'கவனி' என்பேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ் கவனித்தால் உடம்பு தேறும். ஆபீசில் ஆளைக் 'கவனித்தால்' ஃபைல் நகரும். கல்யாண வீட்டு மாடியில் நண்பர்கள் 'கவனித்தால்' மறுநாள் தலை வலிக்கும். இந்த வித்தியாசம்கூடத் தெரியாமல் நான் டூர் கைடு ஆகிவிட்டேன்.

ஸ்ரீரங்கத்திலிருந்து ஒருநாள் வேன் டூர். மணப்பாறையில் முறுக்கு, திண்டுக்கல்லில் மலைக்கோட்டை, முடிவில் ஒரு திராட்சைத் தோட்டம். அங்கே வைன் தயாரிக்கிறார்கள் என்பதை நோட்டீசில் போடவில்லை. (போட்டிருந்தால் வேன் நிரம்பியிருக்கும், வேறு ஆட்களால்.) எங்கள் கூட்டத்துக்கு ஜூஸ்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். தோட்டத்து செல்வத்துக்குப் போன் போட்டேன்.

"பெரியவங்க வர்றாங்க. குறை வைக்காம நல்லா கவனிச்சுக்குங்க."

"நீங்க வாங்க சார், கவனிச்சிருவோம்!"

அந்தக் குரலில் இருந்த உற்சாகத்தைக் கேட்டாவது நான் சுதாரித்திருக்க வேண்டும்.

வேனில் முன் சீட்டில் வரதன் மாமா. உத்தர வீதிக்காரர், பரம ஆசாரம். அவர் மகள் வைதேகியைத்தான் நான் பெண் கேட்டிருந்தேன். "பையன் தொழில் பண்றானா, ஊர் சுத்தறானான்னு பார்த்துட்டுச் சொல்றேன்" என்று மகளையும் கூட்டிக்கொண்டு டிக்கெட் வாங்கி வந்திருந்தார். என் தொழிலே ஊர் சுற்றுவதுதான் என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது?

கோட்டையில் முதல் அடி விழுந்தது.

"இதை யார் கட்டினா?"

"அந்தக் காலத்து ராஜா மாமா."

"எந்தக் காலம்?"

"ரொம்ப... அந்தக் காலம்."

வைதேகி துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். சரி, தோட்டத்தில் சமாளித்துவிடலாம் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

தோட்டத்தில் செல்வம் வரிசையாகக் கண்ணாடிக் கோப்பைகளை வைத்து, சிவப்பாக ஊற்றத் தயாரானார். பக்கத்தில் வெயிலுக்குப் போட்டுக்கொள்ள ஓலைத் தொப்பிகள் அடுக்கியிருந்தன.

"கண்டவா வாய் வெச்ச பாத்திரம் நேக்கு வேண்டாம்" என்று மாமா வலது கையைக் குழித்து நீட்டினார். செல்வம் கையிலேயே ஊற்றினார். கை குழிந்துவிட்டால் மீதியெல்லாம் பெருமாள் கோயிலில் தீர்த்தம் வாங்கிய ஐம்பது வருஷப் பழக்கம். மாமா உறிஞ்சினார், ஈரக் கையைத் தலையில் துடைத்துக்கொண்டார், அர்ச்சகர் தலையில் வைக்கும் சடாரிக்குக் குனிவதுபோல் குனிந்து அப்படியே நின்றார்.

செல்வம் விழித்தார். பிறகு ஏதோ புரிந்தவராக ஒரு தொப்பியை எடுத்து மாமா தலையில் பயபக்தியோடு கவிழ்த்தார்.

பின்னால் நின்ற மொத்த வேனும் கையை நீட்டியது. எல்லாரும் உறிஞ்சினார்கள், துடைத்தார்கள், குனிந்தார்கள். எல்லாருக்கும் தொப்பி.

"பேஷா இருக்கு. கொஞ்சம் கடுக்கறது" என்றார் மாமா, இரண்டாம் முறை கையை நீட்டியபடி.

"அஞ்சு வருசப் பழசுங்க ஐயா. சார் கவனிக்கச் சொன்னாரு, அதான் நல்ல வைனா எடுத்தேன்."

மாமாவின் கை அந்தரத்தில் நின்றது. வைதேகி ஒரு திராட்சைப் பந்தலடியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள்மேல் எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்திலும் அவள் எனக்கு அழகாகத்தான் தெரிந்தாள்.

திரும்பி ஸ்ரீரங்கம் வந்ததும், அம்மா மண்டபப் படித்துறையில் வேனை நிறுத்தச் சொல்லி, மாமா தீட்டுக் கழிக்க நேராகக் காவிரியில் இறங்கினார். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. முங்கியபோது தொப்பி மட்டும் மிதந்தது. என் கல்யாணம் அதோடு போகிறது என்று படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமா தொப்பியைப் பிடித்துக்கொண்டு கரையேறினார்.

"பொண்ணைத் தரேன்."

"மாமா?"

"வெளி மனுஷாளா விட்டா ஊரெல்லாம் சொல்லிடுவீர். மாப்பிள்ளையானா வாயை மூடிண்டிருப்பீர். ஒண்ணு, கல்யாணத்துல பந்தியை மட்டும் நீர் கவனிக்கப்படாது."

நான் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். சீமந்தம், கிரகப்பிரவேசம் என்று ஒன்று விடாமல் எல்லா விசேஷத்திலும் அந்தத் தொப்பிக் கதையை நடித்தே காட்டியவர் மாமாதான்.

இன்றும் வீட்டுக்கு யாராவது வரும்போது, "நீ உள்ளே வேலையைப் பாரு, நான் கவனிச்சுக்கறேன்" என்று நான் மனைவியிடம் சொன்னால் போதும். அடுத்த அறையிலிருந்து மாமாவின் குரல் வரும்:

"வைதேகி, அந்தத் தொப்பியை எடுத்துண்டு வா!"