கண்டம் செய்யப்பட்ட நான்கு டயர்கள்

வண்டியின் பதிவுச் சான்றிதழில் எந்த அளவு டயர் குறிக்கப்பட்டிருக்கிறதோ, அந்த அளவு டயரைத்தான் மாட்ட வேண்டும். அதில் எவ்வளவு சுமைக்கு அனுமதி இருக்கிறதோ, அதற்கு மேல் ஒரு தலையணையும் ஏற்றக்கூடாது. தலையணை என் சேர்க்கை, மற்றதெல்லாம் விதி. நாட்டின் தலைநகரில் ஓடும் அத்தனை சரக்கு வண்டிக்காரர்களிலும் இந்த விதியை வரி விடாமல் நம்பிய ஒரே மனிதர் காத்து அண்ணாச்சிதான். விதியை மீறுகிறவனைவிட விதியை நம்புகிறவன் எவ்வளவு ஆபத்தானவன் என்பது அவரிடம் மாட்டிக்கொண்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது. முப்பத்தேழு வருடம் ஒரு மத்திய அரசு அலுவலகத்தின் கொள்முதல் பிரிவில் விதிகளோடு குடும்பம் நடத்தியவன் சொல்கிறேன்.

அண்ணாச்சிக்குத் திருநெல்வேலிப் பக்கம். சொந்தமாக ஒரு சின்ன பிக்கப் வண்டி. கிட்வாய் நகர், லக்ஷ்மிபாய் நகர் வட்டாரத்தில் தமிழ்க் குடும்பம் எது குவார்ட்டர்ஸ் மாறினாலும், ஓய்வு பெற்றுக் கிளம்பினாலும் சாமான் அவர் வண்டியில்தான் போகும். அவருடைய பெயரை யாரும் கேட்டதில்லை. சட்டைப் பையில் நாங்களெல்லாம் பேனா செருகும் இடத்தில் அவர் டயரின் காற்றழுத்தம் பார்க்கும் கேஜ் ஒன்றைச் செருகியிருப்பார். பெயர் அதிலிருந்து வந்தது.

காலையில் வண்டி எடுக்குமுன் நான்கு சக்கரத்துக்கும் காற்று பார்ப்பார். டீ குடிக்க நிறுத்தினால் பார்ப்பார். டீ குடித்து முடித்ததும் பார்ப்பார். சிக்னலில் பக்கத்தில் நிற்கும் ஆட்டோக்காரரிடம் தலையை நீட்டி, "பையா, பீச்சே தேக்கோ, ஹவா கம் ஹை" என்பார், பின்சக்கரத்தில் காற்று குறைவாம். அதற்கு வரும் பதில்களை வாரப் பத்திரிகையில் எழுத முடியாது. ஒருமுறை ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்பு. பூ ஜோடித்த கார், நாதஸ்வரம், ஆரத்தித் தட்டு எல்லாம் தயார். அண்ணாச்சி குனிந்து பின்சக்கரத்தை அமுக்கிப் பார்த்துவிட்டு, "மாப்ள, எறங்கிருங்க" என்றார். மாப்பிள்ளை மண்டபம்வரை நடந்தே போனார். இன்றுவரை அந்தக் குடும்பம் அண்ணாச்சியோடு பேச்சு வைத்துக்கொள்வதில்லை.

இவ்வளவு பயத்துக்கும் பின்னால் ஒரு பெரிய விபத்து இருக்கும் என்று நினைத்து ஒருநாள் கேட்டேன்.

"விபத்தா? பத்தொம்பது வருசமா ஒரு பஞ்சர்கூட ஆனதில்ல சார்."

"அப்புறம் என்ன பயம் அண்ணாச்சி?"

"அதான் பயம். இத்தன வருசமா ஆகல. அப்ப எல்லாம் சேத்து வச்சு ஒருநாளு வெடிக்கும்லா?"



இனி என் கதை. நான் ஜூன் கடைசியில் ஓய்வு பெற்றேன். லக்ஷ்மிபாய் நகர் அரசு வீட்டை வைத்துக்கொள்ள அனுமதித்த காலம் டிசம்பர் 31-ஆம் தேதி முடிகிறது. முதல் தேதி விடிந்தால் நான் அத்துமீறிக் குடியிருப்பவன். கதவில் நோட்டீஸ் ஒட்டுவார்கள். எதிர் பிளாக்கில் ஒருவருக்கு ஒட்டினார்கள். அவருடைய மனைவி பால் வாங்கக்கூடத் தலை குனிந்து போனதை என் மனைவி விசாலம் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் இல்லை. எனக்கு அதைவிட ஒரு காரணம் கூடுதல்: காலம் கடந்தவர்களுக்கு மெமோ எழுதியே பதவி உயர்வு பெற்றவன் நான்.

புது வீடு நகரின் மறுகோடியில், துவாரகாவில், ஒரு சொசைட்டி ஃபிளாட். சொசைட்டிச் செயலாளர் என்னைவிடப் பெரிய விதிக்காரர். சாமான் கொண்டுவர ஒரே நாள், ஒரே வண்டி, ஒரே நடை. காலை பத்திலிருந்து மாலை ஐந்துவரைதான் லிஃப்ட். எனக்கு டிசம்பர் 30 ஒதுக்கினார். பெரிய லாரிக்குப் பகலில் நகருக்குள் அனுமதி இல்லை. சொசைட்டியிலோ பகலில் மட்டும்தான் அனுமதி. ஆக, பிக்கப்தான். ஆக, அண்ணாச்சிதான்.

டிசம்பர் பிறந்ததும் அவர் எடை போட வந்தார். ஆள் நிற்கிற எடை மெஷினைத் தரையில் வைத்து, ஒவ்வொரு சாமானாகக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏறி நின்று, தன் எடையைக் கழித்துக் குறித்துக்கொண்டார். கிரைண்டரைத் தழுவி நின்றபோது அவர் முகத்தில் இருந்த வாத்சல்யத்தைப் பார்த்து விசாலம் உள்ளே போய்ச் சிரித்தாள். சிரிப்பு ரொம்ப நேரம் நீடிக்கவில்லை.

"அக்கா, நீங்க எத்தன கிலோ?"

"நான் மெட்ரோவுல வந்துக்கறேன்" என்றாள் விசாலம், கதவைச் சாத்திக்கொண்டே.

கடைசியாக என் புத்தக அறைக்கு வந்தார். நிதி விதிகள், கொள்முதல் விதிகள், விடுப்பு விதிகள், பயணப்படி விதிகள், அவற்றின் திருத்தங்கள், திருத்தங்களின் திருத்தங்கள். முப்பத்தேழு வருடச் சேகரம். ஒரு மணி நேரம் எடை போட்டுவிட்டு வெளியே வந்து, தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"சார், கட்டில், பீரோ, பிரிட்ஜு எல்லாம் ஏத்திரலாம். ஒங்க ரூலு புக்குதான் வரம்ப தாண்டுது. விட்டுட்டு வாங்க."

"விதிமுறைப் புத்தகத்தையா?"

"ஏங்க, புக்கை ஏத்திக்கச் சொல்லுங்க" என்றாள் விசாலம் உள்ளிருந்து. "வேணும்னா உங்களை விட்டுட்டுப் போறோம்."

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வண்டியின் டயர்கள் தேய்ந்திருந்தன; எப்படியும் மாற்ற வேண்டும். கனரக டயராகப் போட்டால் சுமை வரம்பு உயராதா? உயராது என்பது எனக்குத் தெரியும். ஆனால் தனக்கு ஒரு தேவை வந்தால் விதியில் இடுக்கு தேடாத அரசு ஊழியர் இன்னும் பிறக்கவில்லை.

அண்ணாச்சிக்குப் பழைய டயரை மாற்ற மனம் வரவில்லை. "இது பழகின டயரு சார், புதுச எப்படி நம்ப? இன்னும் கொஞ்சம் ஓடும்" என்றார். அவரை நகர்த்துவதற்காக நான் ஒரு காரியம் செய்தேன். வெள்ளைத் தாளை எடுத்து, 'மேற்படி நான்கு டயர்களும் பார்வையிடப்பட்டு, பயன்பாட்டுக்கு உகந்தவை அல்ல எனக் கண்டம் செய்யப்படுகின்றன' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, பழக்கத்தில் பதவியின் பெயரையும் எழுதி, அதன் பக்கத்தில் 'ஓய்வு' என்றும் சேர்த்துக் கொடுத்தேன். அலுவலகத்தில் உடைந்த நாற்காலிக்கு எழுதுவோமே, அதே வாசகம். என் வாழ்க்கையில் நான் எழுதிய ஆயிரம் குறிப்புகளில் முழுமையாக அமல்படுத்தப்பட்டது அது ஒன்றுதான். அண்ணாச்சி அதை இரண்டு கையாலும் வாங்கினார். வண்டியை எங்கள் பிளாக் வேப்பமரத்தடியிலேயே நிறுத்திவிட்டு பஸ்ஸில் வீட்டுக்குப் போனார்.

"கண்டம் பண்ணுன டயர்ல எப்படி சார் ஓட்டுவேன்? நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கிய!"

மறுநாள் காஷ்மீரி கேட் பக்கம் ஒரு டயர் கடைக்குப் போனோம். கடைக்காரர் எங்களைப் பார்த்த மாத்திரத்தில் ஒரு டயரை உருட்டிக்கொண்டு வந்தார். "டென் ப்ளை லே ஜாவோ. ஹாத்தி பி பைட் ஜாயே!" பத்து அடுக்குக்குச் சமமான பலம், யானை உட்கார்ந்தாலும் தாங்குமாம்.

"கேட்டீங்களா அண்ணாச்சி? யானையே தாங்குதாம். என் புஸ்தகம் தாங்காதா?"

அண்ணாச்சி டயரைச் சுற்றி வந்தார். பக்கவாட்டில் அச்சிட்டிருந்த எண்களையெல்லாம் விரலால் தடவிப் படித்தார். எந்த வாரம் செய்தது, எவ்வளவு சுமை, எவ்வளவு காற்று. குனிந்து முகர்ந்தும் பார்த்தார்.

"ஆனைய டயரு தாங்கும் சார். ஆக்சில் தாங்குமா? ஸ்பிரிங் தாங்குமா? பிரேக்கு பிடிச்சா ஆனை நிக்குமா? இதுக்குக் காத்தும் கூட அடிக்கணும். நம்ம ரிம்மு அந்தக் காத்த தாங்குமா?"

நான் கேள்விகளைக் கடைக்காரருக்கு இந்தியில் மொழிபெயர்த்தேன். அவர் யோசித்துவிட்டு, "டீச்சர் ஹை க்யா?", இவர் வாத்தியாரா, என்று மட்டும் கேட்டார்.

கேள்விகள் நியாயமானவை. நியாயமான கேள்வி எழுந்தால் கொள்முதல் பிரிவு என்ன செய்யுமோ அதை என் வாய் தானாகச் செய்தது.

"கம்பெனிக்கே எழுதி விளக்கம் கேட்டுடுவோம் அண்ணாச்சி. எழுத்துல வரட்டும்."

அண்ணாச்சியின் கண் கலங்கிவிட்டது. அவர் பயத்தை இதுவரை எல்லோரும் கேலி செய்திருக்கிறார்கள். அதற்கு ஒரு கோப்பு எண் கொடுத்தவன் நான் ஒருவன்தான். அன்றே டயர் கம்பெனிக்குப் பதிவுத் தபால் போனது.

மறுநாள் காலை சரியாக எட்டு மணிக்கு போன். "பதில் வந்துட்டா சார்?"

நேற்றுதானே அனுப்பினோம் என்றேன். "சரி சார். சாப்ட்டியளா? அக்காவுக்கு முட்டு வலி எப்படி இருக்கு? குளிர்ல காத்து சுருங்கும் பாத்துக்கிடுங்க." கடைசி வாக்கியம் முட்டியைப் பற்றியதா டயரைப் பற்றியதா என்று தெரியவில்லை.

ஒரு வாரம் போனது. பதில் இல்லை. நினைவூட்டல் ஒன்று அனுப்பினேன். இன்னும் நான்கு நாள். நினைவூட்டல் இரண்டு. வண்டி வேப்பமரத்தடியில் கண்டம் செய்யப்பட்ட டயர்களோடு நின்றது. அதன்மேல் இலை விழுந்து மூடிக்கொண்டிருந்தது. தினம் எட்டு மணிக்கு "பதில் வந்துட்டா சார்?" காலண்டரில் விசாலம் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டு வந்தாள். பேனாவை அவள் அழுத்திய வேகத்தில் ஜனவரித் தாளிலும் தழும்பு விழுந்தது.

"ஏங்க, வேற வண்டி பாருங்க. நோட்டீஸ் ஒட்டறதைப் பார்க்க நான் இருக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

இருபத்தாறாம் தேதி வேறொரு பிக்கப்பைக் கூட்டி வந்தேன். டிரைவர், "சலேகா சாப், ஜல்தி போலோ" என்று, வண்டி ஓடும், சீக்கிரம் சொல் என்று அவசரப்பட்டார். நான் ஏன் குனிந்தேன் என்று இன்றும் தெரியாது. குனிந்தேன். பின்சக்கரத்தை அமுக்கினேன். பக்கவாட்டில் விரல் நீளத்துக்கு வெடிப்பு. வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டேன். விசாலம் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒட்டிக்கிச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

அன்று மதியம் நினைவூட்டல் மூன்றைத் தபாலில் சேர்க்கப் போனேன். அடுத்த நாள், கம்பெனியின் பொதுமேலாளர் பெயருக்கு நேரடிக் கடிதம். எனக்குத் தெரிந்த வழியெல்லாம் தீர்ந்துவிட்டது. இருபத்தொன்பதாம் தேதி மூட்டை கட்டிய வீட்டில் உட்கார்ந்து, சொசைட்டிச் செயலாளரிடம் வேறு தேதி கேட்டு ஒரு மனு எழுத ஆரம்பித்தேன். நான் மனு எழுதுவது அதுவே முதல் தடவை. 'பணிவுடன்' என்ற சொல்லுக்கு மேல் பேனா ஓடவில்லை.

முப்பதாம் தேதி காலை எட்டுக்கு போன் வரவில்லை. வாசலில் ஹாரன் கேட்டது.

வண்டி நின்றது, நான்கு புது டயர்களோடு. முந்தின நாள் நான் மனுவோடு உட்கார்ந்திருந்தபோது சக்கரங்களைக் கழற்றி, ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோய், டயர் மாற்றிக் கொண்டுவந்து மாட்டியிருந்தார்.

"பத்து ப்ளையா அண்ணாச்சி?" என்றேன்.

"இல்ல சார். சான்றிதழ்ல போட்ட அதே அளவு, அதே ப்ளை. அதுலயே நல்ல கெட்டியாப் பாத்து எடுத்தேன். சொம பழைய சொமதான்."

"அப்ப புஸ்தகம்?"

"ஏத்துவோம் சார். நீங்க ஒரு பெட்டியத் தூக்குங்க."

எரிச்சலோடு, மாதத் தொடக்கத்திலேயே நான் புத்தகம் கட்டி 'விதிகள் - 4' என்று எழுதியிருந்த பெட்டியைப் பிடித்துப் பலம் கொண்டமட்டும் தூக்கினேன். அது பஞ்சு மாதிரி மேலே வந்து என் மூக்கில் இடித்தது. உள்ளே ஒன்றும் இல்லை. அடுத்த பெட்டியிலும் இல்லை. பன்னிரண்டிலும் இல்லை.

விசாலம் சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். நடந்தது இது: நான் நினைவூட்டல் எடுத்துக்கொண்டு தபால் அலுவலகம் போகும்போதெல்லாம் அண்ணாச்சி வந்திருக்கிறார். பெட்டியைத் திறந்து, மெட்ரோவில் ஓர் ஆளுக்கு அனுமதித்த எடைக்கு ஒரு கிலோவும் கூடாமல் எடை போட்டு எடுத்து, பைகளில் வைத்து, வேப்பமரத்தடி வண்டியில் மறைத்துவிட்டு, நான் திரும்பிய பிறகு ஒவ்வொன்றாகத் துவாரகாவுக்குக் கொண்டுபோயிருக்கிறார். ஒரு நாளைக்கு இரண்டு நடை, மூன்று நடை. கையில் தூக்கி வரும் பை சொசைட்டி விதிப்படி 'சாமான்' அல்லவாம். அதைச் செயலாளரிடமே கேட்டு உறுதி செய்துகொண்டு, காவலாளி அறையில் அடுக்கி, மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு மூடியிருக்கிறார். காலிப் பெட்டிகளை ஒட்டி வைத்தது என் மனைவி.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி. நான் பயந்து செத்தேன்."

"சொன்னா நீங்க லெட்டர் எழுதறத நிப்பாட்டிருவிய. பதிலும் வேணும்லா சார்?"

வழியில் பதினோரு இடத்தில் நிறுத்திக் காற்று பார்த்தார். நாலே முக்காலுக்குக் கடைசிச் சாமான் லிஃப்டில் ஏறியது. மறுநாள், டிசம்பர் 31, லக்ஷ்மிபாய் நகர் வீட்டின் சாவியை ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கினேன். கதவில் ஒரு தாளும் ஒட்டவில்லை.

அதன்பிறகும் தினம் காலை எட்டு மணிக்கு போன் வந்தது. "பதில் வந்துட்டா சார்?" இல்லை என்பேன். பிறகு சாப்பாடு, முட்டு வலி, குளிர், காற்று. ஓய்வு பெற்ற ஒருவனை அலுவலகத்திலிருந்து யாரும் கூப்பிடுவதில்லை. எனக்குக் கோப்பு எண்ணோடு தினம் ஓர் அழைப்பு இருந்தது. எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் முன்பே நான் போனை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்வதை விசாலம் கவனித்திருக்கிறாள்.

ஒன்றேகால் வருடம் கழித்து கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. நான்கே வரி. பதிவுச் சான்றிதழில் உள்ள அளவையே மாட்டவும். எந்த டயர் போட்டாலும் வண்டியின் சுமை வரம்பு உயராது. அண்ணாச்சி அன்றே செய்து முடித்ததுதான். இரண்டு முறை படித்து மடித்து வைத்தேன். மறுநாள் எட்டு மணிக்கு போன் அடித்தது.

"பதில் வந்துட்டா சார்?"

"இன்னும் இல்லை அண்ணாச்சி" என்றேன். "இன்னொரு நினைவூட்டல் போடுவோம்."

அண்ணாச்சி வாரப் பத்திரிகை படிப்பதில்லை. படிக்கிறவர்கள் தயவுசெய்து அவரிடம் சொல்லிவிட வேண்டாம். அந்தக் கடிதம் என் அலமாரியில், விடுப்பு விதிகளுக்கு அடியில் இருக்கிறது. முறைப்படி அதன் மூலையில் பெற்ற தேதியை மட்டும் குறித்திருக்கிறேன்: மார்ச் 18.