இன்னா சார்

காது கேட்காத ஒருவரிடம் போய்க் கேட்கக் கற்றுக்கொண்ட கூட்டம் இந்தப் பூமியில் எங்களுடையது ஒன்றுதான். அவருடைய பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. எதைச் சொன்னாலும் கையைக் காதருகே குவித்து "இன்னா?" என்பார். ஆகவே, இன்னா சார்.

வால்நட்சத்திரம் வந்துபோன பிறகு நம் ஜனங்களில் சிலருக்குக் காது கத்தியாகத் தீட்டப்பட்ட கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். எறும்பு நடப்பதும், பக்கத்து வீட்டில் பால் திரிவதும் கேட்கும். அப்படிப்பட்டவர்களைப் பழக்கி, அணைக்கட்டிலும் ரயில் பாலத்திலும் விரிசல் கேட்கும் வேலைக்கு அனுப்ப, எழுபதுகளில் சர்க்கார் ஒரு பயிற்சிக்கூடம் திறந்தது. சேரப்பணஞ்சேரியில், மூடிக் கிடந்த ஓர் அரிசி மில். அமைதியான இடம் என்று அதைத் தேர்ந்தெடுத்த அதிகாரி, ஏரித் தவளைகளை ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை.

எனக்கு இடது காதில் மட்டும்தான் கூர்மை. வலது, உங்களுடையது மாதிரிதான். 'அரைக்காது' என்று பெயர் வைத்தார்கள். அரைச் சாப்பாடு போடாமல் விட்டதே புண்ணியம்.

இன்னா சாருக்கு முன்னால் வந்த வாத்தியார்கள் யாரும் நிலைக்கவில்லை. ஒருவர் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மாமியாரை முணுமுணுவென்று திட்டினார். காலையில் வகுப்பே எழுந்து நின்று, "வுடுங்க சார், வயசானவங்க" என்று ஆறுதல் சொன்னது. மனிதர் அன்றைக்கே பஸ் ஏறிவிட்டார்.

இன்னா சார் ஓடவில்லை. கப்பல் பட்டறையில் ரிவெட் அடித்து அடித்துக் காது போன ஆள். அவர் ரகசியம் பேசினாலே மண்ணூர் வரை போகும். ஒட்டுக்கேட்க எங்களுக்கு அவர் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. அவர் "குட் மார்னிங்" சொல்லும்போது ஆளுக்கொரு தலையணையைக் காதில் அமுக்கிக்கொண்டுதான் எழுந்து நிற்போம்.

அவருடைய பாடம் மொத்தமும் ஒரே வரி: "கேட்டுட்டுக் கேளு." எந்தச் சத்தம் வந்தாலும் முதலில் அதை 'இன்னா?' என்று விசாரிக்க வேண்டும். அது தன்னை இன்னதென்று சொல்லும். சொன்னதும் 'சரி, போ' என்று அனுப்பிவிட வேண்டும்.

"வூட்டுக்கு வர்றவன யாருன்னு கேக்காம உள்ள வுடுவியா? அத்தினி பேரும் ஒண்ணா பூந்துகினா மண்டை இன்னாத்துக்கு ஆவும்?" என்பார்.

பழகுவதற்குச் சந்தைக்கு அனுப்பினார். நான் மிகுந்த சிரத்தையோடு காய்கறிக்காரம்மாவின் வயிற்றில் எழுந்த ஓர் உறுமலைப் பார்த்து, "இன்னா?" என்று கேட்டேன்.

"இன்னாவா? எத்தப் பாத்து இன்னான்ற நீ?"

அந்தம்மா கையில் முருங்கைக்காய் இருந்தது. அடி வலது காதில் விழுந்ததால் பிழைத்தேன்.

எனக்கு விளையாட்டு. வல்லம் வடகாலிலிருந்து வந்த தேவகிக்கு அது உயிர்ப் பிரச்சினை. எங்களிலேயே கூரான காது அவளுடையது, அதுதான் வினை. நாலு பேர் சேர்ந்து பேசினாலே மயங்கி விழுவாள். பரீட்சையில் இப்படி விழுகிறவர்களைப் பட்டணத்தில் பஞ்சறையில் வைப்பார்கள். சுவர், கதவு, கூரை எல்லாம் பஞ்சு. உள்ளே போனவர் யாரும் வீடு திரும்பியதில்லை. தேவகிக்கு வீட்டில் அப்போதுதான் நடை பழகும் ஒரு மகள்.

அவள் யாரையும் எதுவும் கேட்க மாட்டாள். 'சாப்ட்டியா' என்றுகூடக் கேட்பதில்லை. நம் வயிறே அவளுக்குச் சொல்லிவிடும்.

"வாயத் தொறந்து கேளும்மா!" என்று இன்னா சார் கத்துவார்.

"தெரிஞ்சதப் போயி இன்னா சார் கேக்கறது?"

"இன்னா?"

"ஒண்ணுமில்ல சார்."

பரீட்சை நாள் வந்தது. பட்டணத்து அதிகாரி மில்லுக்குள் மேளக்காரர்களை நிறுத்தினார், ஒரு டீசல் எஞ்சினை ஓடவிட்டார். அந்த அமளியில் அவர் ஒளித்துவைத்த கைக்கடிகாரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். நான் ஒரு பல்லியைக் கண்டுபிடித்தேன். அரைக்காதுக்குப் பஞ்சறை வீண் என்று என்னை வீட்டுக்கு அனுப்ப முடிவாயிற்று.

தேவகி வாசலிலேயே தள்ளாடினாள். தூணைப் பிடித்துக்கொண்டாள். மூலையில் ஸ்டூல் மேல் உட்கார்ந்திருந்த இன்னா சார் அவளைப் பார்த்து உதட்டை மட்டும் அசைத்தார்: 'இன்னா?'

அவள் உதடும் அசைந்தது. மேளமா, போ. எஞ்சினா, போ. தவளையா, நீயும் போ. தூணை விட்டாள். நேராக நடந்து இன்னா சார் முன்னால் போய் நின்றாள். கடிகாரம் அவருடைய சட்டைப் பையில்தான் இருந்தது. ஆனால் அவள் அதைத் தொடவில்லை.

"சார், ஒங்க நெஞ்சு இன்னாத்துக்கு நின்னு நின்னு அடிக்குது? நோவுதா?"

அந்த நெஞ்சு ஓர் அடி தவறி மறு அடி வைப்பது எங்கள் எல்லோருக்குமே தெரியும். வந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். அவருடைய மற்றக் கோணங்கித்தனங்களைப் போல இதுவும் ஒன்று என்று நினைத்தோமே தவிர, ஒருவரும் வாயைத் திறந்து கேட்டதில்லை.

அதிகாரி கையைக் காட்ட, மேளம் நின்றது. எஞ்சினும் நின்றது. இன்னா சார் வழக்கம்போலக் கையைக் குவித்தார்.

"இன்னா?"

"நோவுதான்னு கேட்டேன் சார்!" என்று அழுதுகொண்டே கத்தினாள் தேவகி.

அவர் குவித்த கையைக் காதிலிருந்து இறக்கினார். பிறகு, அதுவரை நாங்கள் அறியாத ஒரு தணிந்த குரலில் சொன்னார்:

"நோவுதும்மா. இப்பதான் நீ கேட்ட."

வாயைச் சொன்னாரா, காதைச் சொன்னாரா, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அப்புறம்தான் தேவகி கடிகாரத்தை எடுத்து அதிகாரியிடம் நீட்டினாள். சேதி கேட்டு வீட்டார் தூக்கி வந்த மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் அணைக்கட்டு வேலைக்குக் கிளம்பிப் போனதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

இன்னா சாரைப் பரீட்சை நாளன்றே அதிகாரியின் ஜீப்பில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். டிரைவரிடம் "இன்னா? இன்னா?" என்று கேட்டுக்கொண்டே அவர் போனது படப்பை தாண்டும் வரை எங்கள் காதில் விழுந்தது. பிழைத்து வந்து, இன்னும் சில வருஷம் பலருடைய தலையணைகளுக்கு வேலை கொடுத்தார்.

அவர் போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாகிறது. இப்போதும் கூட்டத்தில் காது கொதித்தால், ஒவ்வொரு சத்தத்தையும் 'இன்னா?' என்று விசாரித்து அனுப்பிவிட்டு, கடைசியில் மிஞ்சும் அமைதியில் கொஞ்ச நேரம் காத்திருப்பேன். எறும்பு நடப்பது கேட்கிறது. அந்த ஒரு 'இன்னா?' மட்டும் கேட்கவில்லை.