தண்ணீர்ப் போக்குவரத்து, சுயதொழில்

நாடு முன்னேறுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. முதலில் யார் யார் என்ன செய்கிறார்கள் என்று எழுதிக்கொள்ள வேண்டும். அப்படி எழுதிக்கொள்ளத்தான் ஒரு நாள் காலையில் எங்கள் தெருவுக்கு ஒருவர் வந்தார். கழுத்தில் அட்டை, கையில் தாள்கட்டு, சட்டைப்பையில் மூன்று பேனா.

எங்கள் தெருவில் நாற்பது வீடு. தண்ணீருக்கு ரயில் பாதையைத் தாண்டி இருக்கிற அடிபம்புக்குத்தான் போக வேண்டும். குழாய் கேட்டு மனுக் கொடுத்து ஏழு வருஷம் ஆன பிறகு, ஒரு வழியாக எங்கள் முறை வந்து, தெருமுனையில் குழாய்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். பிள்ளை ஒரு இடுப்பில், குடம் ஒரு இடுப்பில் என்று போகும்போது நான் அந்தக் குழாய்களைப் பார்த்துக்கொண்டே போவேன். பார்த்தாலே குடம் கொஞ்சம் கனம் குறைந்த மாதிரி இருக்கும்.

வந்தவர் எங்கள் வாசலில் நின்று என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். வெளியாளிடம் பேசினாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன்.

"அப்ப வீட்ல சும்மாதான் இருக்கீங்க?"

அந்தக் கேள்விதான் என்னைச் சுருக்கென்று குத்திவிட்டது.

"சும்மா எங்க சார் இருக்கேன். தெனம் நாலு நடை தண்ணி தூக்குறேன். மூணு மணி நேரம் ஆகுது."

அவர் முகம் மலர்ந்தது. மூன்று மணி நேரம் எதைச் செய்தாலும் அது வேலை என்பது விதியாம். 'தண்ணீர்ப் போக்குவரத்து, சுயதொழில்' என்று எழுதினார். இடுப்பில் இருந்த பிள்ளையைப் பார்த்து, 'தொழிற்பயிற்சி பெறுபவர், ஒருவர்' என்று சேர்த்துக்கொண்டார். மற்ற வீடுகளில், அந்த வீட்டில் சொன்ன மாதிரிதானே என்று கேட்டுக்கேட்டே மத்தியானத்துக்குள் நாற்பதையும் முடித்துவிட்டார்.

இரண்டே மாதத்தில் நாங்கள் பெரிய ஆட்கள் ஆகிவிட்டோம். பெண்கள் அத்தனை பேரும் வேலை பார்க்கும் ஒரே தெரு என்று தெருமுனையில் பலகை வைத்தார்கள். ஆளுக்கு ஒரு அடையாள அட்டை, ஒரு தொப்பி. குடம் தூக்குவது எப்படி என்று இரண்டு நாள் பயிற்சி வேறு. பயிற்சி கொடுக்க வந்த பையன் முதுகை வளைக்காமல் தூக்க வேண்டும் என்றான். கடைசி வீட்டு அக்கா, எங்கே ஒரு தடவை தூக்கிக் காட்டுங்க தம்பி என்றாள். அவன் படத்தில் காட்டினான்.

மறுநாள் லாரி வந்தது. முனையில் கிடந்த குழாய்களை எல்லாம் திரும்ப ஏற்றினார்கள்.

விசாரித்ததில், கணக்கெடுக்க வந்தவரிடம் நான் சொன்ன பதில்தான் காரணம் என்று தெரிந்து தெருவே என் வாசலில் கூடிவிட்டது.

"வருஷம் பூரா வாயத் தொறக்க மாட்டே. அன்னிக்கு மட்டும் என்னடி பேச்சு வேண்டிக்கிடந்துச்சு?" என்றாள் கடைசி வீட்டு அக்கா. கெடுத்தவளே போய்ச் சரி பண்ணட்டும் என்று முடிவானது. ஆனாலும் அவளுக்கு மனசு கேட்கவில்லை, கூடவே வந்தாள்.

அலுவலகத்தில் பெரிய அதிகாரி ரொம்ப மரியாதை தெரிந்தவர். உட்காரச் சொன்னார். அவர் மேஜையில் தண்ணீர் பாட்டில் மட்டும் நான்கு இருந்தது.

"குழாய் போட்டா நாப்பது பேருக்கு வேலை போயிடும்மா. ஏழைங்க வயித்துல அடிக்கச் சொல்றீங்களா?"

"சம்பளமே இல்லாத வேலை சார்," என்றாள் அக்கா.

"சுயதொழில்ல முதலாளி நீங்கதானே. சம்பளத்த உங்ககிட்டதான் நீங்க கேக்கணும்."

அது வேலையே இல்லை சார் என்றேன் நான்.

"அப்ப சும்மா இருக்கீங்க. சும்மா இருக்கிற தெருவுக்குக் குழாய் போட்டா நாட்டுக்கு என்ன லாபம்? உழைக்கிற தெருவுக்குத்தாம்மா முன்னுரிமை."

"நாங்க உழைக்கிறோம் சார்."

"அதனாலதான் போடலங்கிறேன்."

ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். அக்கா அந்த மடக்கு இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். குழாயும் வரணும், வேலையும் போகக்கூடாது, அவ்வளவுதானே, ஏற்பாடு பண்ணுகிறேன் என்று சொல்லி அனுப்பினார்.

சொன்னபடியே செய்தார். தெரு நடுவில் உயரமாக ஒரு தொட்டி எழும்பியது. தொட்டியிலிருந்து கீழே நான்கு குழாய். தொட்டிக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று திட்டத்தில் எழுதியிருக்கவில்லை. எங்கள் தலையில் எழுதியிருந்தது. பக்கவாட்டில் இருபது படி கட்டிக் கொடுத்திருந்தார்கள்.

திறப்பு நாளில் அதிகாரி குழாயைத் திருகினார். தண்ணீர் கொட்டியது. காலையில் நான் ஊற்றிய தண்ணீர்தான், இருந்தாலும் குழாயில் வந்ததும் பார்க்க அழகாக இருந்தது. எல்லோரும் கைதட்டினோம். பிள்ளைகூடத் தட்டியது.

அதிலிருந்து அடிபம்பில் அடித்து, ரயில் பாதை தாண்டி, இருபது படி ஏறி ஊற்றிவிட்டு, இறங்கி வந்து வரிசையில் நிற்கிறோம். நான் ஊற்றினதை நீ பிடிக்கிறாய் என்று தினமும் சண்டை. ஏற்றுகிறவர் நாற்பது, பிடிக்கிறவர் நாற்பது, ஆக மொத்தம் எண்பது பேருக்கு வேலை என்று பலகையில் திருத்தி எழுதினார்கள்.

அடுத்த வருஷம் அதே கணக்கெடுப்புக்காரர் மறுபடி வரப்போகிறார் என்று கேள்விப்பட்டேன். இந்தத் தடவை நான் ஏமாறவில்லை. வேலை என்று சொன்னதால்தானே இத்தனையும். வெட்கத்தை விட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நாற்பது வீட்டுக்கும் ஏறி இறங்கி, என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன்.

அவர் வரும்போது நான் பதினேழாவது படியில் இருந்தேன். கீழே நின்றபடி என்ன வேலை என்று கேட்டார்.

"சும்மாதான் இருக்கேன் சார்," என்றேன், குடத்தை மாற்றி வைத்துக்கொண்டு.

அவர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டார். நாற்பது வீட்டிலும் அதே பதில். எனக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது.

அடுத்த மாதம் கடிதம் வந்தது. நான்தான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். குழாய் வந்ததிலிருந்து இத்தெருப் பெண்கள் நாள் முழுவதும் ஓய்வாக இருப்பது கண்டு அரசு மகிழ்ச்சி அடைகிறதாம். பக்கத்துத் தெருவிலும் இதே போல் தொட்டி கட்டியாகிவிட்டதாம். அங்கே பெண்கள் எல்லோரும் இந்த வருஷம் தையல் ஆலையில் சேர்ந்துவிட்டார்களாம், கைக்குழந்தைக்காரிகள்கூட. ஆகவே, சும்மா இருக்கும் நாற்பது பேரும் அந்தத் தொட்டியையும் நிரப்பித் தருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்களாம்.

படித்து முடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். அக்கா திட்டவில்லை.

"அந்தத் தொட்டிக்கு எத்தன படின்னு போட்டிருக்கான், பாரு," என்றாள்.