உதாரணத்துக்கு ஒரு பிரியாணிக் கடை

அரைகுறையாகப் படித்தவனால் பெரிய ஆபத்து இல்லை. அவன் பேச்சை யாரும் நம்புவதில்லை. முழுதாகப் படித்துவிட்டு, அதை நாலு பேருக்குப் புரிய வைத்தே தீருவேன் என்று கிளம்புகிறானே, அவனால்தான் குடும்பங்கள் கெடுகின்றன. நான் இரண்டாம் வகை.

கொரோனா ஓய்ந்து ஊர் மூச்சுவிட்டிருந்த நேரம். திண்டுக்கல்லில் எல்லோரும் அரை டாக்டர், நான் முக்கால். (எந்தக் கடை எந்தத் தேதியில் திறந்தது என்று தப்பாமல் சொல்கிறவன், உடம்பைப் பற்றியும் தப்பாமல் சொல்வான் என்பது என் கருத்து. துரதிர்ஷ்டவசமாக ஊரின் கருத்தும் அதுவே.)

அந்த வாரம் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு காய்ச்சல். அதே வாரம் வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை முடிந்த கையோடு, என் அக்கா வீட்டுக்காரர் காதர் மச்சானின் பிரியாணிக் கடை திறப்பு. மனிதர் இருபது வருடம் அடுத்தவர் அடுப்பில் வெந்தவர். இதுதான் அவருடைய சொந்த அடுப்பு. முதல் நாள் ஈ ஓட்டினால் ராசியில்லாத கடை என்று ஊர் முடிவு கட்டிவிடும் என்ற பயத்தில் அக்கா ஒரு வாரமாகத் தூங்கவில்லை.

வெள்ளி காலையில் தெரு வாட்ஸப் குழுவில் ஒருவர் கேட்டார்: “மருந்தே திங்காம இந்தக் காச்சல் எப்படிப்பா தானாப் போகுது?”

எனக்கென்றே பிறந்த கேள்வி. உடனே குரல் பதிவில் இறங்கினேன்.

“நம்ம உடம்புல பிறவியிலயே ஒரு காவல் இருக்கு பாய். வைரஸ் ஒரு செல்லுக்குள்ள புகுந்தா, அந்தச் செல் இன்டர்ஃபெரான்னு ஒண்ண வெளிய விட்டு, அக்கம்பக்கத்துச் செல்லையெல்லாம் உஷார் பண்ணிரும். உதாரணத்துக்கு…”

இங்கே விரல் நழுவியது. பதிவு போய்விட்டது. அடுத்த பதிவை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.

“நம்ம தெருப் பிரியாணிக் கடை அடுப்படிக்குள்ள வைரஸ் புகுந்திருச்சு. கடை அரிசி, கடைக் கறி, கடை மாஸ்டரை வச்சே தன்னைப் பெருக்கிக்கிட்டு இருக்கு. தகவல் கெடச்சதும் மத்தவங்க என்ன செய்யணும்? அடுப்பை அணைக்கணும். கைக்கு வந்த சீட்டைக் கிழிச்சுப் போடணும். அம்புட்டுத்தான், வைரஸ் பெருகவே முடியாது!”

அடுப்பு என்பது செல் புரதம் செய்யும் இடம், சீட்டு என்பது வைரஸ் கொண்டுவரும் ஆர்என்ஏ என்று மூன்றாம் பதிவில் பொறுமையாக விளக்கினேன். அதை இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை. நடுப்பதிவு மட்டும் தனியாக ஊர்வலம் கிளம்பியது.

மதியம் இரண்டு தேக்சா அண்டாக்களிலும் சீரகச் சம்பா பிரியாணிக்கு மூடி திறந்து தம் உடைத்தபோது மணம் தெருமுனை வரை போனது. பள்ளிவாசலிலிருந்து வந்தவர்கள் மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு எதிர்ப்பக்கமாக நடந்தார்கள். (“மசாலா தூக்குது பாருங்க மச்சான்!” என்று பெருமையாகச் சொன்னேன்.) கடை வாசலெங்கும், மச்சான் வீடு வீடாகக் கொடுத்திருந்த இலவச முட்டைச் சீட்டுகள் கிழிந்து கிடந்தன.

அப்போது யாரோ அனுப்பிய அந்தப் பதிவு மச்சான் போனுக்கே வந்து சேர்ந்தது. இரண்டு தடவை கேட்டார்.

“ஏலே மாப்ளே, இது யாரு குரலு?”

“என்னுதுதான் மச்சான். ஆனா இதுக்கு முந்தி ஒண்ணு இருக்கு, பிந்தி ஒண்ணு இருக்கு…”

“முந்தியும் பிந்தியும் இருக்கட்டும்டா. நடுவுல செத்தது நான்ல!”

அக்கா தலையில் கை வைத்தாள். “இவன்கூடப் பொறந்ததுக்கு அந்த வைரஸ்கூடப் பொறந்திருக்கலாம்.”

இன்டர்ஃபெரான் அளவு மீறினால் உடம்பையே வாட்டும் என்று படித்திருந்தேன். காய்ச்சலும் உடம்பு வலியும் பாதி அதன் கைவரிசைதானாம். அந்தப் பாடம் மச்சானின் முகத்தைப் பார்த்தபோதுதான் முழுதாக விளங்கியது.

என்னை வாசல் மேசையில் உட்கார வைத்தார். “ரோட்டைப் பாத்துத் தின்னு. நீ சாகலைன்னு ஊரு பாக்கட்டும்.”

தின்றேன். எதிர் டீக்கடையில் கூட்டம் கூடி என்னையே பார்த்தது. இரண்டாம் பிளேட்டில் இருவர் மனம் இளகி ரோட்டில் கால் வைத்தார்கள். அந்த நேரம் பார்த்து மிளகு மூக்கில் ஏறியது. தும்மினேன். ஒரு தும்மல் இல்லை, சரவெடி. தெரு காலி. டீ மாஸ்டர்கூட உள்ளே போய்விட்டார்.

மச்சான் கரண்டியைக் கீழே வைத்து நாற்காலியில் சாய்ந்தார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றுதான்.

காப்பாற்ற வந்தவர்கள் பஸ் ஸ்டாண்டு ஆட்டோக்காரர்கள். எங்கள் குழு எதிலும் இல்லாதவர்கள். சேதியை வாங்க வாசலே இல்லாத செல்கள். “பாய், எட்டு பிளேட்டு போடுங்க” என்று உட்கார்ந்தார்கள். மூக்கை உறிஞ்சிய என்னைப் பார்த்து ஒருவர், “காச்சலாண்ணே? இன்னொரு பிளேட்டு அடிங்க, ஓடிப் போயிரும்” என்று வைத்தியமும் சொன்னார். இப்படிப்பட்ட செல்கள் இருப்பது உடம்புக்குக் கேடு. பிரியாணிக் கடைக்கு அவைதான் உயிர். அவர்கள் சொல்லி ஸ்டாண்டு ஸ்டாண்டாக ஆள் வந்து, பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகைக்குள் இரண்டு தேக்சாவும் காலி.

கடை இன்றும் நன்றாக ஓடுகிறது. போர்டில் என்ன பெயர் இருந்தாலும் ஊரில் அதற்கு வைரஸ் கடை என்றுதான் பெயர்.

குடும்பத்துக்கும் ஒரு காவல் வந்துவிட்டது. நான் எங்காவது “உதாரணத்துக்கு” என்று வாயெடுத்தால் போதும். அக்கா என் போனைப் பிடுங்கி அரிசி டப்பாவுக்குள் போடுவாள். அவள் மகள் வைஃபையை அணைப்பாள். மச்சான் எழுந்துபோய்க் கதவைச் சாத்துவார். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. என் பேச்சு அந்த வீட்டைத் தாண்டிப் பெருகி இப்போது வருடங்கள் ஆகின்றன.