கெண்டைக்கால் நலத்திட்டம்

காரியத்துக்காகக் காலைப் பிடிப்பவர்களை வரலாறு நிறையக் கண்டிருக்கிறது. ஊழியர்களின் காலுக்காகக் கண் கலங்கிய முதலாளியை ஒரே ஒரு முறைதான் கண்டது. அவர் ஒரு செருப்புக்கடை நடத்தினார்.

ஒரு நாள் காலை அவர் கைபேசியில் ஒரு காணொலி பார்த்தார். 'கெண்டைக்கால் தசைதான் இரண்டாவது இதயம். காலுக்கு இறங்கிய ரத்தத்தை அதுதான் மேலே தள்ளுகிறது. உட்கார்ந்தே கிடக்காதீர்கள்.' அதற்கு மேல் பார்க்க அவருக்குப் பொறுமையில்லை. மதியத்துக்குள், கடையின் எட்டு ஊழியர்களும் மாறி மாறி உட்காரும் நான்கு முக்காலிகளும் 'ஊழியர் ஆரோக்கியம் கருதி' மாடிக்குப் போய்விட்டன.

பன்னிரண்டு வருடமாக அங்கே விற்பனையாளராக நின்ற பெரியக்காவுக்குக் காலில் நரம்பு ஏற்கெனவே புடைத்திருந்தது. ஒரே வாரத்தில் கணுக்காலும் வீங்கியது. ஊருக்கெல்லாம் அளவு பார்த்து மாட்டிவிடுகிறவளுக்குத் தன் செருப்பே நுழையவில்லை. மருத்துவரைப் பார்த்துவிட்டு முதலாளியிடம் வந்தாள்.

"சார், கால் அசைஞ்சாத்தான் அந்தச் சதை ரத்தத்தைப் பிழிஞ்சு மேல அனுப்புமாம். சும்மா நின்னா எல்லாம் கீழயே தேங்கிடுமாம். கொஞ்சம் நடக்கணும், கொஞ்சம் உக்காரணும்னு டாக்டரம்மா சொன்னாங்க."

முதலாளி சாய்வு நாற்காலியில் ஆழ்ந்து சிந்தித்தார். "நீங்க நடந்தா கவுன்ட்டரை யாரு பாக்குறது?"

"நின்ன இடத்துலயே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குறோம் சார்."

"எட்டுப் பேரும் எம்பி எம்பி நின்னா, கடைக்குள்ள பாம்பு வந்துடுச்சுன்னு நெனைக்க மாட்டாங்களா?"

பிரச்சினையின் தீவிரம் உணர்ந்து மறுநாளே 'கால் நல ஆலோசனைக் கூட்டம்' கூட்டினார். ரத்த ஓட்டத்தின் மகிமையை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து விளக்கினார். எட்டுப் பேரும் அசையாமல் நின்று பயன்பெற்றார்கள். உரை உச்சத்தைத் தொட்டபோது, கடையின் கைப்பைப் பகுதியில் நிற்கும் பெண் வெளிறிப்போய்த் தரையில் சரிந்தாள். பெரியக்கா ஓடிப்போய் அவள் கால்களைத் தூக்கி, அடுக்கிய இரண்டு பூட்ஸ் பெட்டிகள் மேல் வைத்தாள். மெல்ல முகத்தில் ரத்தம் திரும்பியது.

"பாத்தீங்களா, எவ்வளவு பிரமாதமான ரத்த ஓட்டம்!" என்று பூரித்தார் முதலாளி.

அந்தப் பெண் தண்ணீர் குடித்துத் தேறும் வரை பெரியக்கா காத்திருந்தாள்.

"வாங்கடி, எல்லாரும் கொஞ்சம் நடந்துட்டு வரலாம்."

"எங்க போறீங்க?" என்று பாய்ந்து எழுந்தார் முதலாளி. மடித்தே வைத்திருந்த கால் மரத்துப் போயிருந்ததால், அதே வேகத்தில் மீண்டும் அமர்ந்தார்.

ஒரே உரையில் எட்டுப் பேரை நடக்கவைத்த பெருமை அவரையே சேரும். அவர்கள் நடந்தது இரண்டு தெரு. அங்கே தொழிலாளர் துறை அலுவலகத்தில் ஆய்வாளர் நிமிர்ந்து பார்த்தார்.

"உக்காருங்கம்மா. என்ன புகார்?"

"இப்ப மொதல்ல ஒரு வார்த்தை சொன்னீங்களே சார், அதை எங்க கடையில யாரும் சொல்றதில்ல. அதான் புகார்."